வாழ்த்துரை சொல்ல வந்தவர்

என் கல்யாணத்தன்று மணமேடையில் உட்கார்ந்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கல்யாணப் பெண் அப்படிச் சிரிக்கலாமா என்று அம்மா வெகுநாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். சிரிக்க வைத்தவர் வாழ்த்துரை சொல்ல வந்தவர்தான். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. இரண்டு நாற்காலி, இரண்டு மாலை, ஒரு மைக். மாலை மாற்றி, உறுதிமொழி வாசித்து முடித்ததும் அவர் எழுந்து வந்தார். ஒல்லியான ஆள். கரை வேட்டி, தோளில் துண்டு, கன்னத்தில் ஒரு குழி. தனக்கு முன்னால் பேசியவர் உயரமானவர் என்பதால் மைக்கை இறக்கித் திருகிக்கொண்டே, அதையும் பேச்சின் ஒரு பகுதி போலவே, மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்:

“ரசம் நல்லா இல்லைன்னா தாராளமாச் சொல்லலாம் தம்பி. ஆனா ரெண்டாவது தடவையும் வாங்கி ஊத்திக்கிட்டுத்தான் சொல்லணும். இதுதான் முதல் சட்டம்.”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. உண்மையில் அப்போது நான் பயந்துபோயிருந்தேன். ஒரு வார்த்தை பேசியிராத ஆளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று சாயங்காலம் பிறந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும். அந்தப் பயம்தான் சிரிப்பாக வெளியே வந்தது. பல வருஷம் கழித்து இதை அவரிடமே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சிரிப்பு வந்துவிட்டால் பயம் போய்விட்டது என்றுதான் அர்த்தம் என்றார். அவருடைய வாழ்க்கை முழுக்க அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

ஊரில் அவரைப் பேச்சாளர் என்பார்கள். பெயர் வேண்டாம், அவர் வீட்டார் இப்போதும் இருக்கிறார்கள். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவியை அண்ணி என்று. திருவாரூருக்குப் போகிற சாலையில் எங்கள் சின்ன ஊரின் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் வீட்டுக்காரருக்கு ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே நானும் ஈய அச்செழுத்துக் கோக்கப் பழகிவிட்டேன். தினமும் காலையில் அண்ணன் வந்துவிடுவார். பேப்பர் படிப்பார், கல்யாணப் பத்திரிகைகளில் பிழை பார்த்துக் கொடுப்பார். வைகாசி, ஆவணி மாதங்களில் நாங்கள் அச்சடிக்கிற பத்திரிகைகளில் பாதிக்கு மேல் ‘வாழ்த்துரை’ என்று போட்டு அவர் பெயர் இருக்கும். ஒவ்வொரு தடவையும் கோத்துக்கொண்டிருக்க முடியாமல், அவர் பெயரைப் பட்டங்களோடு மொத்தமாகக் கோத்து, நூல் சுற்றி ஒரு தட்டில் தயாராக வைத்திருந்தோம்.

மாணவனாக இருந்தபோதே கட்சிக்காக ஜெயிலுக்குப் போனவர். கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு அவரோடு ஜெயிலில் இருந்தவர்கள் சேர்மன் ஆனார்கள், கான்ட்ராக்ட் எடுத்தார்கள், கார் வாங்கினார்கள். அவருக்குக் கிடைத்தது கல்யாணங்கள். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்சி நம்ம கையில் இருக்கும்போது நாமும் நாலு சட்டம் போடவேண்டாமா என்பார். அப்படித்தான் அவருடைய வேடிக்கைகளுக்கு ‘சட்டம்’ என்று பெயர் வந்தது.

அதில் பலது எனக்கு மனப்பாடம். மாமியார் ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸின் நேரம் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. மனைவியின் கோபம் மேட்டூர்த் தண்ணீர் மாதிரி, வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். வருவதற்குள் வாய்க்காலை வெட்டி வைத்துவிட வேண்டும், வந்த பிறகு மண்வெட்டியைத் தேடக் கூடாது. பெண்டாட்டி புதுப்புடவை கட்டினால் புருஷன் அதைக் கண்டுபிடிக்கவேண்டும்; பழைய புடவையைப் புதுசா என்று கேட்டாலும் பரவாயில்லை, புதுசைக் கேட்காமல் விட்டால் மன்னிப்பே கிடையாது. இப்படி.

எல்லாரும் கேட்டு வாங்குகிற சட்டம் ஒன்று இருந்தது. அதை அவர் கடைசியாகத்தான் சொல்வார். “கோவம் வந்தா வெளியே போகலாம். ஆம்பளைக்கு எல்லை டீக்கடை. பொம்பளைக்கு எல்லை வாய்க்கால் மதகு. மதகுல போய் உட்காருங்க, நல்லா காத்து வரும், மனசு ஆறும், எழுந்து வீட்டுக்கு வந்துடுங்க. மதகைத் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் அது உங்க சண்டை இல்லை, ஊர்ச் சண்டை ஆயிடும்.” வயசான பெண்கள் இதற்குத் தலையாட்டிச் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் மதகு இல்லாத ஊரே கிடையாது. எல்லாருக்கும் தங்கள் ஊர் மதகு கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இருக்கிற ஆள் இல்லை அவர். அண்ணி வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தார்கள். உயரமான, அதிகம் பேசாத பெண். அவசரத் துணி வந்துவிட்டால் அண்ணன்தான் உலை வைப்பார், வடிப்பார், அடிபம்பில் தண்ணீர் அடித்துக் கொண்டுவந்து வைப்பார். குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது அண்ணியிடம் ஏதாவது கேட்டால் குறை என்னிடம்தான் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அது நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. அவருடைய கல்யாணப் பேச்சுகளுக்கு அண்ணி போனதே இல்லை. கேட்டால், வீட்டிலேயே கேட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிப்பார்கள்.

அது நிலத்துக்காக ஊருக்கு ஊர் தகராறு நடந்த காலம். குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவு செய்யவேண்டும், பதிவானவர்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்ததே ஒழிய, ஒவ்வொரு அறுவடையிலும் அடிதடிதான். பதிவு செய்யப் பயந்து நின்ற குத்தகைக்காரர்களை அண்ணன்தான் தாலுகா ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போவார். அப்படி அவர் அழைத்துப் போனவர்களில் ஒருவர் கோவிந்தராசு. அப்பா காலத்திலிருந்து பத்து மா, அதாவது மூன்றேகால் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தவர். நிலத்தின் சொந்தக்காரர் நாலைந்து ஊர் தள்ளி, வெண்ணாற்றுக் கிளை வாய்க்காலை ஒட்டிய ஒரு கிராமத்தில் பெரிய வீட்டுக்காரர். குத்தகைக்காரன் உட்கார்ந்திருக்கிற நிலத்தை யாரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார்கள். அவர் விற்க நினைத்தார், முடியவில்லை.

ஒரு தை மாதம், கோவிந்தராசு அரிவாளோடு வயலில் இறங்குவதற்கு முன்பே பெரிய வீட்டு ஆட்கள் வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்து அறுக்கத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. கதிர்க்கட்டுகள் போலீஸ் காவலில் களத்திலேயே கிடந்து மழையில் முளைத்தன. கோர்ட்டுக்குப் போனால் ஆயுசுக்கும் முடியாது என்று அண்ணன் இரண்டு வீட்டுக்கும் நடந்தார். இருவரும் ஒரே சாதி. பெரிய வீட்டில் இரண்டாவது மகன் கல்யாணத்துக்கு இருந்தான். கோவிந்தராசுவுக்கு மூத்தது பெண், வசந்தா, பத்தாவது வரை படித்தவள். இவளை அவனுக்குக் கொடுத்துவிட்டால் உழுகிறவனுக்கும் சொந்தக்காரனுக்கும் ஒரே பேரன், அப்புறம் யார் யாரை வெளியேற்றுவது என்று அண்ணன் கணக்குப் போட்டார். பெரிய வீட்டுக்காரர் உடனே சம்மதித்ததில் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். அண்ணனுக்குச் சந்தோஷம்தான். துப்பாக்கி தூக்கிய போலீஸ்காரனால் முடியாததை ஒரு மஞ்சள் கயிறு முடித்துவிட்டது பாருங்கள் என்று அச்சகத்தில் வந்து எல்லாரிடமும் சொன்னார்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அவர் பேசியதிலேயே சிறந்த பேச்சு அதுதான். புதிதாக ஒரு சட்டம் சேர்த்திருந்தார்.

“கல்யாணமும் குத்தகைதான். இதுல ஆம்பளை யாரும் நிலச் சொந்தக்காரன் இல்லை, குத்தகைக்காரன். பாடுபடணும், ஒழுங்கா குத்தகை நெல்லை அளக்கணும். ஒழுங்கா இருக்கிறவனை வீட்டம்மா வெளியேத்த முடியாது. அதுக்கு நம்ம ஆட்சியில சட்டம் இருக்கு.”

வயலில் மண்டை உடைத்துக்கொண்ட இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே பந்தலில் சேர்ந்து சிரித்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர்கூட தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். மதகுச் சட்டத்தையும் சொல்லச் சொல்லிப் பின்னாலிருந்து கேட்டார்கள். சொன்னார். வசந்தா தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்து மாலை குலுங்கியது.

கொஞ்ச மாதத்திலேயே பேச்சு வந்தது. குத்தகைப் பதிவை ரத்து செய்து எழுதிக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் கேள் என்று மாமனார் வீட்டில் அந்தப் பெண்ணைப் படுத்துகிறார்கள் என்றார்கள். சாயங்காலமானால் அவள் மதகுக் கட்டையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த வழியாக வருகிற பஸ் கண்டக்டர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். மதகைத் தாண்டினால் பஸ் நிற்கும் இடம். ஏறினால் அரைமணியில் அப்பா வீடு. அவள் ஏறுவதில்லை, பஸ்ஸைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள் என்றார்.

அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனார். மாமனாரோடு பேசினார். தன் வழக்கப்படி வேடிக்கையாகவே கேட்டிருக்கிறார்: குத்தகைக்காரரை வெளியேற்றும் வேலையை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டீர்களாமே என்று. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். காபி கொடுத்தார்களாம். வசந்தா கதவோரம் நின்றிருந்தாளாம். திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி.

“நல்லாத்தான் இருக்கா தங்கச்சி. நான் பேசப் பேசச் சிரிச்சுக்கிட்டே நின்னா.”

நான் என் கல்யாணத்தில் சிரித்த கதையை அவரிடம் சொன்னது அன்றைக்குத்தான். அவர் ஒத்துக்கொள்ளாததும் அன்றைக்குத்தான்.

ஐப்பசியில் நல்ல மழை. வாய்க்கால் கரை ததும்பிப் போய்க்கொண்டிருந்தது. வசந்தாவின் உடலை மதகுக்குக் கீழே, அடுத்த ஊர் எல்லையில், நாணல் புதரில் ஒதுங்கியிருந்தபோது பார்த்தார்கள். விழுந்தாளா, குதித்தாளா, யாராவது தள்ளினார்களா என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பெரிய வீட்டில் சொன்னார்கள். அண்ணன் அன்று முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் கோவிந்தராசுவோடு நின்றார்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து கோவிந்தராசு அச்சகத்துக்கு வந்தார். அண்ணன் பிழை பார்க்கிற மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கோவிந்தராசு அதில் உட்காரவில்லை. சண்டை போட வந்தவர் மாதிரியும் இல்லை. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்:

“போன மாசம் போயிருந்தேண்ணே. கையெல்லாம் அடிபட்டுக் கன்னிப் போயிருந்துச்சு. எழுதிக் குடுத்துடறேம்மா, நிலம் போனாப் போகட்டும்னேன். தம்பி தங்கச்சி என்னத்தைச் சாப்பிடும், அதை மட்டும் செஞ்சிடாதீங்கன்னா. அப்போ நீயாச்சும் வீட்டுக்கு வந்துடுன்னேன். மதகைத் தாண்டக் கூடாதுன்னு பேச்சாளர் மாமா சொல்லியிருக்காங்களேப்பான்னு சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேண்ணே.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வருகிறேன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அண்ணன் எழுந்து அவர் பின்னால் நாலடி போய், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று அவரை வீட்டில் கொண்டுபோய் விட நானும் கூடப் போனேன். நடந்ததை அண்ணியிடம் நான்தான் சொன்னேன். அண்ணி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் சுவரோரம் உட்கார்ந்து, வேடிக்கைக்குத்தானே சொன்னேன், யாரையும் கெடுக்கவேண்டும் என்றா சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி குரலை உயர்த்தவில்லை.

“ஆம்பளைங்க கேட்டுச் சிரிச்சிட்டு எழுந்து போயிடுறாங்க. பொம்பளைங்க அதைக் கேட்டு நடந்துக்கிறாங்க,” என்றார்கள். பிறகு எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கல்யாணமாகிக் கொஞ்ச காலத்துக்குள் பெண் இறந்ததால் மேல் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். கட்சி ஆபீசில் அண்ணனைக் கூப்பிட்டு, பெரிய வீட்டுக்காரர் இப்போது நம் கட்சிக்கு வந்துவிட்டார், பார்த்துச் சொல்லுங்கள் என்றார்களாம். அவர் யாருக்காகவும் பார்த்துச் சொல்கிற ஆள் இல்லை. பதிவு விஷயம், கை கன்னியிருந்த விஷயம், எல்லாம் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் கேள்விப்பட்டதுதானே, நீங்கள் நேரில் போனபோது அந்தப் பெண் எப்படி இருந்தாள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சிரித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்லிவிட்டார். பெண் புகுந்த வீட்டில் சந்தோஷமாக இருந்ததாகக் கல்யாணத்தை நடத்திவைத்தவரே சொல்கிறார் என்று எழுதி அந்த விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

அந்த அறுவடையோடு கோவிந்தராசு குத்தகைப் பதிவைத் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. அந்தச் சேற்றில் இறங்கக் கால் வரவில்லை என்று மட்டும் சொன்னாராம். குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். பெரிய வீட்டுக்காரர் நிலத்தை நல்ல விலைக்கு விற்றார்.

அண்ணன் பிறகு எப்படி இருந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் கோத்து வைத்திருந்த அவர் பெயரைப் பிரித்துப் போடச் சொன்னார். நூலை அவிழ்த்து எழுத்து எழுத்தாக எடுத்து எழுத்துப் பெட்டியின் அந்தந்த அறையில் போட்டேன். கல்யாண வீட்டார் வந்து கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்பார். சிலர் பேசவேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்று அழைத்துப் போவார்கள். போன இடத்தில் யாராவது ஒருவன் பந்தியில் எழுந்து, அண்ணன் ரசத்தை ரெண்டாவது தடவை ஊத்திக்கிட்டாச்சு, இப்போ சொல்லப் போறாரு என்று கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். இவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். கடைசியில் வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். அண்ணி தைக்க, பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுப்பார், ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பார். அப்படியே ஒரு மார்கழியில் போய்ச் சேர்ந்தார். இரங்கல் கூட்டம் போட்டார்கள். பேசிய ஒவ்வொருவரும் அவருடைய சட்டங்களில் ஒன்றைச் சொன்னார்கள். கூட்டம் சிரித்தது. அண்ணி அந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

இதற்கு நடுவில் அவர் கடைசியாகப் பேசிய மேடை ஒன்று உண்டு. வசந்தா இறந்து வருஷம் திரும்பியதும் பெரிய வீட்டில் அதே மகனுக்கு இரண்டாவது கல்யாணம் வைத்தார்கள். கட்சிக் கல்யாணம். ஒன்றியச் செயலாளரே பத்திரிகை அடிக்க விஷயத்தோடு அச்சகத்துக்கு வந்தார். வாழ்த்துரையில் அண்ணன் பெயர் இருக்கவேண்டும் என்றார். விசாரணையில் அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான் தப்பித்தோம் என்று பெரிய வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மரியாதை செய்கிறார்களாம். அண்ணன் அங்கேயே மேஜையில் இருந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் பெயரை நான் மறுபடியும் முதலிலிருந்து கோத்தேன்.

நானும் என் வீட்டுக்காரரும் அவரோடு போனோம். பந்தலில் நல்ல கூட்டம். இவர் பெயரைச் சொன்னதுமே கைதட்டல். மைக்கை இறக்கித் திருகினார். அதற்கே சிரித்தார்கள்.

“இந்த மாப்பிள்ளைக்கு இது ரெண்டாவது கல்யாணம்,” என்றார். சிரித்தார்கள். “முதல் கல்யாணத்தையும் நான்தான் நடத்தி வச்சேன்.” இன்னும் பலமாகச் சிரித்தார்கள். “அந்தப் பொண்ணு செத்துப்போச்சு.”

முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பின்னால் நிற்கவில்லை, அடுத்தது என்ன வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். அவர் மேலே பேச வாயெடுத்தார், வரவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறவர் என்று பழகியவர்கள், அவர் நின்றதற்கும் சிரித்தார்கள். செயலாளர் சட்டென்று எழுந்து வந்து, அண்ணன் எப்பவும் இப்படித்தான், அழ வச்சுச் சிரிக்க வைப்பாரு என்று மைக்கில் சொல்லி, ஒரு பொன்னாடையைப் போர்த்தி, தோளில் கையைப் போட்டுக் கீழே இறக்கிவிட்டார். கைதட்டினார்கள். நாதஸ்வரக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மேடையில் புதுப்பெண் மட்டும் நிமிர்ந்து அவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து அவள் அச்சகத்துக்கு வந்தாள். ரவிக்கை தைக்கக் கொடுக்க என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மஞ்சள் கயிற்றில் இன்னும் மஞ்சள் காயவில்லை. அண்ணன் உள்ளேதான் இருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள்.

“அன்னிக்கு மேடையில சொன்னது வேடிக்கைக்கா மாமா, நிஜமா?”

“நிஜம்மா,” என்றார்.

உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னார். மதகைப் பற்றித் தான் சொன்னதை, அதை அந்தப் பெண் பிடித்துக்கொண்டதை, எதையும் மறைக்கவில்லை. அவர் ஒரு வேடிக்கைகூடக் கலக்காமல் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அசையாமல் கேட்டாள். முடித்ததும், எங்கள் வீட்டுக்கு வந்துவிடம்மா, நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம், மகளாக இருந்துகொள் என்றார். அவள் மாட்டேன் என்று தலையை அசைத்தாள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகளாம். இவள் திரும்பி வந்தால் அவர்களை யார் கட்டுவார்கள் என்று கேட்டாள்.

“அங்க நான் எப்படி இருந்துக்கணும்னு ஏதாவது சொல்லி அனுப்புங்க மாமா,” என்றாள்.

எத்தனையோ பெண்களுக்குச் சொன்னவர். மெதுவாக, “பயமா இருந்தா சிரிக்காதம்மா. அழு. ஊருக்கே கேக்குற மாதிரி அழு,” என்றார்.

“அழுதா இன்னும் அடிக்கிறாங்க மாமா,” என்றாள் அவள்.

புகாராகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அவர் அவளோடு எதிரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார, இவர் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்ததும் கையை எடுத்தார். அதற்குப் பிறகு அவர் அச்சகத்துக்கு வருவது குறைந்துபோனது.

நாலைந்து வருஷம் கழித்துத் திருவாரூர்த் தேருக்குப் போயிருந்தேன். கீழவீதிக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. நான் அச்சடித்த பத்திரிகை என்பதால் பெயர் நினைவிருந்தது, கூப்பிட்டேன். திரும்பினாள். புருஷன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழந்தையை இழுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கீழே உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். அவளைத் தேரில் பார்த்தேன் என்றேன். ஊசி நின்றது.

“எப்படி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்காண்ணே,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடித்து அண்ணி பக்கம் நகர்த்தி வைத்தார்.